ஒக்கிப் புயலும் ஒன்றுபட்ட ஊர்களும்

மலையும் வயலும் கடலும் ஒருங்கே அமைந்த மாவட்டம் நம் குமரி மாவட்டம். தோவாளையிலும் அகத்தீசுவரத்திலும் நெல்லும் வாழையும், விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் தென்னையும் இரப்பரும், ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளத்திற்கு மீன்பிடி ஊர்களும் நமக்கு வாய்த்துள்ளன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்குண்டு. “நம் ஊருக்குப் புயல் வராது, அது நாகப்பட்டினத்திற்கும் கடலூருக்கும் உரியது” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் நாள், வியாழக்கிழமை, அந்த நம்பிக்கை கலைந்தது. அன்று வீசிய ‘ஒக்கி’ப் புயல் நம் மாவட்டத்தின் மரங்களையும் பயிர்களையும் சாய்த்தது. ஆழ்கடலில் இருந்த மீனவர் பலரை நம்மிடமிருந்து பிரித்தது.

அப்புயல் எவ்வாறு உருவானது? அதன் கொடுமை கரையைவிடக் கடலில் மிகுதியாக இருந்தது ஏன்? ஒருவரோடொருவர் நெருங்கி வாழும் ஊர்கள் அதை எவ்வாறு தாங்கின? இவற்றை அறிவது நம் கடமை. அன்று சிறுமியராய் இருந்தவர்களுக்கு அது மங்கலான நினைவு. இன்று கீழ்வகுப்புகளில் பயில்வோருக்கு அது கேள்விச் செய்தி மட்டுமே. கடலோர ஊர்களிலிருந்து பள்ளிக்கு வரும் நம் தோழியருள் சிலருக்கோ அது அன்றாட வாழ்க்கை.

புயலும் சுழற்காற்றும்

காற்றுச் சுழன்று வீசும் பேரிடர்கள் இருவகைப்படும். ஒன்று நிலத்தின்மேல் இடிமேகத்திலிருந்து யானைத் துதிக்கை போல் இறங்கும் சுழற்காற்று. அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். சில நிமிடங்களில் அது ஓய்ந்துவிடும். ஆயினும் சென்ற வழியெல்லாம் வீடுகளைப் பெயர்த்தெறியும். அமெரிக்க நாட்டில் 1925-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மூன்று மாநிலங்களின் வழியாகச் சென்ற இத்தகைய காற்று 695 உயிர்களைக் கொண்டது. வங்காள தேசத்திலும் 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு சுழற்காற்று பேரழிவை விளைவித்தது.

மற்றொன்று கடலில் பிறக்கும் புயல். இதன் விட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்; இதன் ஆயுளும் பல நாட்கள். கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருந்து, அவ்வெப்பம் ஐம்பது மீட்டர் ஆழம் வரை பரவியிருந்தால், நீராவி மிகுதியாக மேலெழும். மேலே சென்று அது குளிர்ந்து மழைமேகமாகும்போது வெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பம் காற்றை மேலும் மேலே தூக்கும். கீழே காற்றழுத்தம் குறையும். அக்குறையை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று விரைந்து வரும். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அக்காற்று நேராக வாராமல் வளைந்து சுழலும். சோறு கொதிக்கும்போது பானையின் மூடி துள்ளுவதைக் கண்டிருக்கிறோம். நீராவியின் ஆற்றல் அத்தகையது. புயலுக்கு அடுப்பு கடல்தான். ஆகவேதான் நிலத்தில் ஏறியதும் புயல் வலுவிழக்கிறது.

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் பூமிச் சுழற்சியின் விளைவு குறைவு. ஆதலால் அங்கே புயல் எளிதில் உருவாவதில்லை. கன்னியாகுமரி நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகை வடக்கே மட்டுமே உள்ளது. நம் கடலில் புயல் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். அரிது என்பதற்கு ‘வாராது’ என்று பொருளன்று. இதை ஒக்கி நமக்குக் கற்பித்தது.

ஒக்கி வந்த வழி

இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் தோன்றும் புயல்களுக்குச் சுற்றியுள்ள நாடுகள் முன்கூட்டியே பெயர்களைத் தந்து வைத்துள்ளன. ஒக்கி என்பது வங்காள தேசம் தந்த பெயர். வங்க மொழியில் அதற்குக் ‘கண்’ என்று பொருள்.

நவம்பர் 29-ஆம் நாள் காலை இலங்கையின் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. அது இலங்கையின் தென்பகுதியைக் கடந்து அன்று மாலைக்குள் குமரிக் கடலை அடைந்தது. மறுநாள் முற்பகலிலேயே அது புயலாக வலுப்பெற்றுவிட்டது. அதாவது, தோன்றிய ஒரு நாளுக்குள், அதுவும் நம் கரைக்கு மிக அருகிலேயே, அது புயலாயிற்று. வங்கக் கடலில் தோன்றும் புயல்கள் பொதுவாகச் சில நாட்கள் கடலில் நகர்ந்த பின்னரே கரையை நெருங்கும். அந்த அவகாசம் நமக்குக் கிட்டவில்லை.

பலத்த காற்று வீசும், மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு 29-ஆம் நாளே வெளிவந்தது. ஆனால் ‘புயல்’ என்ற சொல் 30-ஆம் நாள் முற்பகலுக்குப் பின்னரே மக்களை எட்டியது. அதற்குள் நம் ஊர்களில் மரங்கள் விழத் தொடங்கிவிட்டன.

குமரியைத் தாண்டிய புயல் மேற்கு நோக்கிச் சென்று, டிசம்பர் முதல் நாள் இலட்சத்தீவுக் கடலில் மிகத் தீவிரப் புயலாயிற்று. டிசம்பர் 2-ஆம் நாளளவில் அதன் காற்று மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை அடைந்தது. பின் வடக்கே திரும்பி, மெல்ல வலுக்குன்றி, டிசம்பர் 5-ஆம் நாள் இரவு சூரத் நகருக்குத் தெற்கே குசராத்துக் கரையை அணுகி அடங்கியது. இலங்கை முதல் குசராத்து வரை ஒரே புயல் தொட்டுச் சென்ற இந்த நெடுவழியை நினைவில் வைத்தல் வேண்டும். ஏனெனில் நம் மீனவர் தொழில் செய்யும் வழியும் ஏறத்தாழ அதுவே.

கரையில் நேர்ந்தவை

கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நாட்கள் அவை. நாகர்கோவில் தெருக்களில் திருவிழாக் கடைகள் நிறைந்திருக்கும் காலம். அப்போதுதான் காற்றும் மழையும் ஒருசேர வந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நமக்குப் பழக்கமானது; ஆடி மாதக் காற்றைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. இந்தக் காற்றோ நின்று நின்று, திசை மாறி மாறி வீசியது. ஏற்கனவே மழையில் ஊறி இளகியிருந்த மண்ணால் மரங்களைப் பிடித்து வைக்க இயலவில்லை. சாலையோரத்துப் பெருமரங்கள் வேரோடு சாய்ந்தன. அவை மின்கம்பிகளின் மேல் விழ, மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன.

குலசேகரம், அருமனை, திருவட்டாறு பகுதிகளில் இரப்பர்த் தோட்டங்கள் முறிந்து கிடந்தன. இரப்பர் மரம் பால் தர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். தென்னையும் நட்டுச் சில ஆண்டுகள் கழித்தே காய்க்கும். வாழையின் தண்டு நீர் நிறைந்தது. குலை தாங்கி நிற்கும்போது சிறு காற்றுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். ஏத்தனும் செவ்வாழையும் மட்டியும் குலையோடு மடிந்தன. நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ நாற்றுகள் நீரில் மூழ்கின. பழையாற்றில் வெள்ளம் பெருக, சுசீந்திரம் கோவிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது.

மின்சாரம் பல ஊர்களில் நாட்கணக்காக இல்லை. மின்சாரம் நின்றதும் குடிநீர்த் தொட்டிக்கு நீர் ஏறவில்லை. கைப்பேசிக் கோபுரங்களும் ஊமையாயின. கிணறு உள்ள வீட்டுக்காரர்கள் வாளியும் கயிறும் எடுத்து வைத்து, வேலிக் கதவைத் திறந்து விட்டனர். பக்கத்து வீட்டார், எதிர் வீட்டார், சாதியோ மதமோ கேளாமல் குடத்துடன் வந்தனர். அரிவாளும் கோடரியும் உள்ளவர்கள் சாலையில் கிடந்த மரங்களைத் துண்டாக்கினர். பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து மழையில் நனைந்தபடியே கம்பம் நட்டனர். அவர்களுக்கு ஆங்காங்கே ஊரார் கட்டஞ்சாயாவும் உணவும் கொடுத்தனர். கரையில் நேர்ந்த இழப்பு பெரிதே. ஆயினும் அது கண்ணுக்குத் தெரிந்த இழப்பு, கை வைத்துச் சீர்செய்யக்கூடிய இழப்பு.

கடலில் நேர்ந்தவை

கடலில் நேர்ந்ததோ பல நாட்களுக்குக் கண்ணில் படவில்லை.

அன்று கடலில் இருந்த நம் மீனவர் இரு வகையினர். ஒரு வகையினர் வள்ளங்களிலும் கட்டுமரங்களிலும் முந்திய நாளோ அன்று அதிகாலையிலோ சென்றவர்கள். கரையிலிருந்து சில மணி நேரத் தொலைவில் தொழில் செய்பவர்கள். காற்று எழுந்ததும் வள்ளங்கள் கவிழ்ந்தன. கவிழ்ந்த வள்ளத்தின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டும், வெற்றுக் கன்னாசுகளைக் கட்டிக்கொண்டும் இரவும் பகலும் மிதந்தவர்கள் உண்டு. வழியே சென்ற கப்பல்களாலும், கடலோரக் காவற்படையாலும், கடற்படையாலும் பலர் மீட்கப்பட்டனர். கைசோர்ந்து நழுவியவர்களும் பலர்.

மற்றொரு வகையினர் ஆழ்கடல் விசைப்படகினர். நம் மாவட்டத்தின் மேற்கெல்லையில் தூத்தூர், சின்னத்துறை, இரயுமன்துறை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என எட்டு ஊர்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. இவ்வூர்களின் மீனவர் ஆழ்கடலில் தூண்டிலிட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் இந்தியா முழுவதும் பெயர் பெற்றவர்கள். கொச்சி முதலிய துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு, இலட்சத்தீவையும் தாண்டி, குசராத்துக் கடல் வரையிலும் செல்வர். ஒருமுறை சென்றால் பத்து நாள், இருபது நாள், சில வேளை ஒரு மாதத்திற்கு மேலும் கடலிலேயே இருப்பர்.

29-ஆம் நாள் எச்சரிக்கை, கடலுக்குச் செல்ல இருந்தவர்களுக்கு. ஏற்கனவே பத்து நாள் முன்பு சென்றுவிட்டவர்களுக்கு அதை யார் சொல்வது? படகுகளில் இருந்த கம்பியில்லாக் கருவிகள் குறிப்பிட்ட தொலைவுக்குள்தான் பேசும். கைப்பேசி கரையை விட்டு நீங்கிய சிறிது நேரத்தில் பயனற்றுப்போகும். வானொலி அலைகளும் அத்தொலைவில் தெளிவாகக் கிட்டா. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுகளையும், நீவாடு எனக் கடல் நீரோட்டத்தையும், விண்மீன்களையும் நன்கு அறிந்தவர்கள் நம் மீனவர். ஆயினும் ஒரே நாளில் பிறந்து வளர்ந்து வந்த புயலை அவர்களது பழைய அறிவு முன்னுரைக்க இயலவில்லை. கரையிலிருந்த புதிய அறிவோ அவர்களை எட்டவில்லை. இந்த இடைவெளியில்தான் உயிர்கள் போயின.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப்பற்றி நாம் செய்திகளில் கேட்கிறோம். அவை 1 முதல் 11 வரை எண்ணுள்ளவை. எண் கூடக் கூட அபாயம் மிகும் என்பது பலரும் அறிந்தது. ஆனால் 11-ஆம் எண்ணின் பொருளைப் பலர் அறியார். எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித் தொடர்பே அற்றுவிட்டது என்பதே அதன் பொருள். பத்தாம் எண் குறிக்கும் பெரும் புயலுக்கும் மேலே அது வைக்கப்பட்டிருக்கிறது. செய்தி எட்டாத நிலையே அபாயங்களில் தலையாயது என்பதை இது உணர்த்துகிறது அன்றோ?

காற்று தள்ளிய திசையிலேயே சென்று தப்பிய படகுகளும் பல. மராட்டிய மாநிலத்தின் தேவ்கட் துறைமுகத்தில் மட்டும் கேரளத்திலும் தமிழகத்திலும் பதிவான 68 படகுகளில் 952 மீனவர் கரை சேர்ந்தனர். கருநாடகக் கரையிலும் குசராத்திலும் இலட்சத்தீவுகளிலும் ஒதுங்கியவர்கள் உளர். மொழி தெரியாத அவ்வூர் மக்கள் அவர்களுக்கு உணவும் உடையும் தந்தனர். “உயிரோடிருக்கிறேன்” என்ற ஒரு தொலைபேசிச் சொல்லுக்காக நம் கடலோர வீடுகள் இரவெல்லாம் விழித்திருந்தன.

ஒரு படகு, ஒரு தெரு

மீன்பிடி ஊரின் அமைப்பை அறிந்தால்தான் இத்துயரின் அளவு விளங்கும். ஒரு விசைப்படகில் ஏறத்தாழ பத்துப் பேர் செல்வர். அவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர் அல்லர். அண்ணனும் தம்பியும், மாமனும் மருமகனும், அடுத்த வீட்டுக்காரரும் ஒரே படகில் செல்வது வழக்கம். நம்பிக்கையுள்ளவனோடுதான் ஆழ்கடலுக்குச் செல்ல இயலும். இரத்த உறவைவிட நம்பிக்கையானவன் யார்? ஆகவே ஒரு படகு மூழ்கினால் ஒரு குடும்பத்தில் ஓராள் குறைவதில்லை. ஒரே வீட்டில் இருவர் மூவர் குறைவர். ஒரே தெருவில் பல வீடுகள் இருளும். குமரி மாவட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இப்புயலில் மாண்டனர் அல்லது மீளாது போயினர். அந்த எண்ணிக்கை மாவட்டம் முழுவதும் பரவி விழவில்லை. சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை போன்ற சில சிற்றூர்களின் மேல் குவிந்து விழுந்தது.

நெருங்கி வாழ்தலே துயரைப் பெருக்கியது என்று இதனால் எண்ணத் தோன்றும். அது பாதி உண்மை. அந்த நெருக்கமே பின்னர் அவ்வூர்களைத் தாங்கியது என்பது மறுபாதி.

யார் யாரைக் காணவில்லை என்று எண்ணுவதே முதற் சிக்கலாக இருந்தது. இம்மக்கள் வாழ்வது தமிழ்நாட்டில். அவர்களுடைய படகுகள் பல புறப்படுவதும் பதிவாவதும் கேரளத்தில். தூத்தூர் வட்டாரப் பங்குகளோ திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. ஒரு மீனவர் எந்த மாநிலக் கணக்கில் வருவார் என்பதே குழப்பம். கடலுக்குச் செல்வோரின் பெயர்ப்பட்டியல் முழுமையாக எவரிடமும் இல்லை. அரசு அறிவித்த எண்ணும் ஊரார் சொன்ன எண்ணும் நாள்தோறும் வேறுபட்டன.

அப்போது பங்குத்தந்தையரும் ஊர்க் குழுவினரும் ஆலய வளாகத்தில் மேசையிட்டு அமர்ந்தனர். வீடு வீடாகக் கேட்டு, எந்தப் படகு, எந்தத் துறை, எத்தனை பேர், கடைசியாகப் பேசிய நாள் எது என்று எழுதினர். கரை சேர்ந்தவர் பெயரை அடித்து, மீதியை மீண்டும் எழுதினர். ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்தமையால்தான் இது இயன்றது. முகவரி மட்டும் தெரிந்த நகரத்தில் இத்தகைய பட்டியலை இவ்வளவு விரைவில் எழுத முடியுமா? மேலும் அரசு தேடும் வரை காத்திராமல் ஊர் இளைஞர்கள் தங்கள் படகுகளிலேயே டீசல் நிரப்பிக்கொண்டு தேடச் சென்றனர். நீவாடு எத்திசையில் இழுக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

தேடுதலை விரைவுபடுத்த வேண்டும் என்ற கோரிக்கையுடன் டிசம்பர் 7-ஆம் நாள் ஆயிரக்கணக்கான மக்கள் கடலோர ஊர்களிலிருந்து நடந்தே சென்று குழித்துறை இரயில் நிலையத்தில் அமர்ந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் பெண்கள். கைக்குழந்தையுடன் வந்தவர்களும் இருந்தனர். இருப்புப்பாதையில் அமர்ந்து அவர்கள் கேட்டது பணமன்று. “எங்கள் ஆட்களைத் தேடித் தாருங்கள்” என்பதே அவர்கள் குரல். அதன்பின் டிசம்பர் 12-ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் திரு. எடப்பாடி கே. பழனிசாமி அவர்களும், 19-ஆம் நாள் பிரதமர் திரு. நரேந்திர மோடி அவர்களும் நம் மாவட்டத்திற்கு வந்தனர். உயிரிழந்த மீனவர் குடும்பத்திற்கு 20 இலட்சம் ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது.

உடல் வராத வீடுகள்

பல நாட்களுக்குப் பின் கேரளக் கரையிலும் பிற இடங்களிலும் ஒதுங்கிய உடல்களை முகத்தால் அறிய இயலவில்லை. உறவினரின் இரத்தத்தோடு ஒப்பிடும் மரபணுச் சோதனையால் சிலர் அடையாளம் காணப்பட்டனர். பலர் உடலே கிட்டவில்லை.

உடல் கிட்டாத வீட்டின் துயர் வேறுவகையானது. அடக்கம் நடந்த வீட்டில் அழுகைக்கு ஓர் எல்லை உண்டு. காத்திருக்கும் வீட்டிலோ கதவுத் தட்டல் ஒவ்வொன்றும் நெஞ்சைக் கிளர்த்தும். மனைவி தன்னைக் கைம்பெண் என்று சொல்லவும் மாட்டாள், சொல்லாமலிருக்கவும் இயலாள். கறுப்புச் சேலை உடுப்பதா? நினைவுத் திருப்பலி கேட்பதா? பிள்ளைகள் “அப்பா எப்போது வருவார்?” என்று கேட்டால் என்ன சொல்வது?

சட்டத்திலும் இச்சிக்கல் இருந்தது. அந்நாளில் நடைமுறையிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, ஒருவரைப்பற்றி ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாவிடில்தான் அவர் இறந்தவராகக் கொள்ளப்படுவார். இறப்புச் சான்றிதழ் இல்லையேல் உதவித்தொகை இல்லை, காப்பீடு இல்லை, வங்கிக் கணக்கும் திறவாது. படகுக் கடனுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஏறும். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய ஃபியான் புயலில் காணாமற்போன நம் மாவட்ட மீனவரின் குடும்பங்கள் இந்த நீண்ட காத்திருப்பை அனுபவித்தவை. அந்தப் பழைய துயரை ஊரார் மறக்கவில்லை. ஆகவே ஒக்கியின்போது இதனை முதற் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். ஏழாண்டுகள் காத்திராமல், காணாமற்போனோர் குடும்பங்களுக்கும் உதவித்தொகை வழங்கச் சிறப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. முன்னோர் பட்ட துன்பத்தை நினைவில் வைத்திருந்த ஊரே பின்னோரின் துன்பத்தைக் குறைத்தது.

பின்வந்த ஆண்டுகளில் அவ்வூர்ப் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கையை வீரம் என்றே சொல்ல வேண்டும். மீன் கூடை தலையிலேற்றிச் சந்தைக்குச் சென்றவர் சிலர். தையல் கற்றவர் சிலர். படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் சிலர். அன்பியக் கூட்டங்களில் அழுதும் பேசியும் ஒருவர்க்கொருவர் துணையாயினர். ஒரு தாய் வேலைக்குச் செல்லும்போது அவள் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற அடுத்த வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

இன்று என்ன மாறியுள்ளது?

2018-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு ஒக்கியைப்பற்றித் தனி அறிக்கை அளித்தது. மீனவரின் உயிரிழப்பையும் செய்தித் தொடர்பின் குறையையும் அது ஆராய்ந்தது. அதன்பின் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகள் படகுகளுக்கு வந்தன. ஆழ்கடல் மீனவர் குழுக்களுக்குச் செயற்கைக்கோள் தொலைபேசிகள் வழங்கப்பட்டன. கரையிலிருந்து செய்தி செல்வதோடு, படகிலிருந்து அபாயக் குறிப்பும் கரைக்கு வரும் இருவழிக் கருவியை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. நாடு முழுவதும் ஒரு இலட்சம் படகுகளில் அதனைப் பொருத்தும் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது.

2020-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘புரெவி’ப் புயல் நம் பக்கம் வரக்கூடும் என்று அறிவிக்கப்பட்டபோது, அது வரும் முன்னரே ஆழ்கடற் படகுகளுக்குச் செய்தி சொல்லி அவற்றைக் கரைக்குத் திருப்பும் முயற்சிகள் நடந்தன. அப்புயல் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது. “வீணாகத் தொழில் கெட்டதே” என்று அப்போது முணுமுணுத்தவர்கள் இருக்கலாம். வாராத புயலுக்காகத் திரும்பிய படகு சில நாள் வருவாயை இழக்கும்; வந்த புயலில் திரும்பாத படகு இழப்பது என்ன என்பதை நாம் அறிவோம். அரபிக்கடலின் நீர் முன்னைவிட வெப்பமாகி வருவதாகவும், அங்கே கடும்புயல்கள் மிகுந்து வருவதாகவும் அறிவியலார் கூறுகின்றனர். ஆகவே ஒக்கியை ஒருமுறை நேர்ந்த விபத்தென்று ஒதுக்குதல் தகாது.

நாம் செய்யக்கூடியவை

கருவி மட்டும் போதாது. கருவியில் வரும் செய்தியைப் படித்து, பொருள் உணர்ந்து, நம்பி, உடனே நடக்கும் மனிதரும் வேண்டும். மாணவியராகிய நாம் இதில் ஆற்றக்கூடிய பணிகள் உள.

முதலாவதாக, வானிலைச் சொற்களின் வரிசையைக் கற்போம். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என அது ஏறிச் செல்லும். ‘மண்டலம்’ என்ற சொல் வந்தவுடனேயே விழிப்பாயிருக்க வேண்டும். ஒக்கி அச்சொல்லிலிருந்து ‘புயல்’ என்ற சொல்லுக்கு ஒரே நாளில் தாவியதை மறவோம். வீட்டில் பாட்டிக்கும் அம்மாவுக்கும் இதனை எளிய சொற்களில் விளக்குவோம்.

இரண்டாவதாக, அப்பாவோ அண்ணனோ கடலுக்குப் புறப்படும்போது படகின் பெயர், பதிவு எண், உடன் செல்வோர் பெயர், புறப்படும் துறை, திரும்பும் நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். 2017-இல் ஊரெல்லாம் தேடியது இந்த ஒரு பக்கத்தைத்தான். கடலில் ஆபத்தெனில் கடலோரக் காவற்படையை அழைக்கும் 1554 என்ற எண்ணையும் அதில் குறித்து வைப்போம்.

மூன்றாவதாக, மிதவைச் சட்டையைப் படகின் மூலையில் போடாமல் உடுத்திக்கொள்ளும்படி அவர்களிடம் சொல்வோம். பெரியவர்களுக்கு மகள் சொல்லும் சொல்லின் வலிமை தனி.

நான்காவதாக, வயலும் தோட்டமும் உள்ள நாஞ்சில் நாட்டு மாணவியரும், கடற்கரையிலிருந்து வரும் மாணவியரும் ஒரே பெஞ்சில் அமர்கிறோம். வாழை சாய்ந்ததைப் பேசும் நாம் வள்ளம் திரும்பாததையும் கேட்டறிதல் வேண்டும். தந்தையை இழந்த தோழியிடம் இரக்கம் காட்டுவதாக எண்ணி அவளைத் தனித்து நிறுத்துதல் கூடாது. பாடக்குறிப்பைப் பகிர்ந்து, கூட விளையாடி, கூட நடப்பதே அவளுக்குத் தேவை.

நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். அவரும் ஒரு மீனவரே. ஆண்டுதோறும் அந்நாளில் நம் கடற்கரை ஊர்களில் மெழுகுவர்த்திகள் ஏற்றப்படுகின்றன; பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. வாசித்து முடித்தபின், அவ்வாண்டு கடலில் இருப்பவர்களின் பெயர்களும் துறைகளும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை பார்த்தால், அந்த நினைவேந்தல் நிறைவு பெறும். இறந்தவர்களை மறவாதிருப்பதும், இருப்பவர்கள் திரும்பி வர வழி செய்வதும் ஒரே அன்பின் இரு கைகள். அந்த இரண்டாம் கையாக இருக்க நாம் இவ்வாண்டே தொடங்குவோம்.